கல்லிலே நார் உரித்தவர்கள்!

ஈயாத கஞ்சனிடமும் காசு பெயர்த்துவிடும் கெட்டிக்காரனைக் "கல்லிலே நார் உரிப்பான்" என்று சொல்வது நமது வழக்கம். நடக்காத காரியத்தை நடத்திக் காட்டுபவன் என்பது பொருள். கல்லிலே ஏது நார்?

இருக்கிறது, தோழர்களே! உண்மையாகவே இருக்கிறது. மலையைப் பிளந்து, பாறையை உடைத்து, அந்த நாரை உரித்தார்கள், நூலாக நூற்றார்கள், துணியாக நெய்தார்கள், சிமெண்டோடு குழைத்துத் தகடாக வார்த்தார்கள், கப்பலேற்றினார்கள், காசாக்கினார்கள். உரிக்கச் சொன்னவன் ஊரிலே மாளிகை எழுந்தது. உரித்த கூலிக்காரன் நெஞ்சிலே முள் ஏறியது. தமிழிலே அதற்குக் கல்நார் என்று பெயர். கடைத்தெருவிலே கேட்டால் ஆஸ்பெஸ்டாஸ் என்பார்கள்.

கல்லைப் பற்றித் தாராசுரத்துக்காரனுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயிலிலே, குதிரை பூட்டிய தேராக ஒரு மண்டபத்தையே செதுக்கி வைத்த உழைப்பாளியின் ஊர் இது. நூலைப் பற்றியும் நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டுத்தறி பேசும் தெருக்கள் இங்கே உண்டு. கல்லையும் அறிந்தோம், நூலையும் அறிந்தோம். கல்லே நூலாகும் கொடுமையை மட்டும் அறியாமலிருந்தோம். அறியாமலிருந்ததற்கு ஒரு சாட்சியை முதலிலே கூறிவிடுகிறேன். குற்றம் ஊராருடையதல்ல, நம்முடையது.

நமது படிப்பகத்துக் கூரை பழுதாகிவிட்டது. தோழர்கள் காசு திரட்டினார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்கி வந்தார்கள். கொத்தனார் வந்தார். வாசலிலே தகட்டைக் கிடத்தி, கட்டிங் மிஷினை ஓட்டினார். வெண்புகை எழுந்தது. உள்ளே பெஞ்சிலே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் மேலே படிந்தது. எதிர்வீட்டுத் திண்ணையிலே விளையாடிய குழந்தையின் தலையிலே படிந்தது. கொத்தனாரின் புருவம் நரைத்தது.

"என்னண்ணே, மூக்கிலே ஒரு துணியாவது கட்டிக்கொள்ளக் கூடாதா?" என்றேன்.

"சிமெண்ட் தூசுதானே தம்பி! முப்பது வருஷமா மூஞ்சியிலே அடிக்கிறதுதான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. ஏணியிலே நான்கு படி ஏறி நின்றார். "இப்பல்லாம் ஏணி ஏறினாலே மூச்சு வாங்குது. தலையெழுத்து! நாம என்ன பண்றது?"

தலையெழுத்து!

அந்த மனிதரின் நெஞ்சுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை நான் கூற முடியாது. எக்ஸ்ரே படமும் மருத்துவரும் கூற வேண்டியது அது. ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே, பார்ப்பதற்கு முன்பே, கேட்பதற்கு முன்பே தலையெழுத்தின் மேலே பழியைப் போட்டுவிடுகிறானே பாட்டாளி, அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தானே இந்த இயக்கம் பிறந்தது? பசிக்குக் காரணம் விதியல்ல என்றோம். சாதிக்குக் காரணம் விதியல்ல என்றோம். மூச்சுத் திணறலுக்கு மட்டும் விதியா காரணம்? அதற்கும் காரணம் உண்டு. அளந்து பார்க்கக்கூடிய காரணம். கருவி கொண்டு காணக்கூடிய காரணம்.

நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்குப் பெயர் மைக்ரான். பட்டுப்புழு தரும் இழை 10 மைக்ரானுக்குச் சற்று மேலே. கல்நார் இழையோ ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். மற்றக் கல்லை உடைத்தால் துண்டாகும், பொடியாகும். கல்நாரை உடைத்தால் நீளவாக்கிலே பிளக்கும். பிளக்கப் பிளக்க மெலியும். நீளம் மட்டும் குறையாது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கு மயிரிலே சிக்கும், சளியிலே ஒட்டும், தும்மினால் வெளியேறும். நமக்குத் தெரியாத இழை காற்றோட்டத்தோடு காற்றாகச் சாய்ந்து, ஈட்டிபோல நேராகச் சென்று, நுரையீரலின் கடைசி அறை வரையிலே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த அறையிலே காவலுக்கு ஆளில்லையா? இருக்கிறார்கள். வருகிற அன்னியப் பொருளை வளைத்துப் பிடித்து விழுங்கிவிடும் உயிரணுக்கள் உண்டு. ஆனால் காவலனின் உடல் 15, 20 மைக்ரான் அளவுதான். வந்திருக்கும் ஈட்டி அவனைவிட நீளம்! விழுங்கப் பார்க்கிறான், பாதி உள்ளே, பாதி வெளியே. வாயை மூட முடியவில்லை. எதிரியைக் கரைப்பதற்காகத் தன்னுள்ளே வைத்திருந்த நஞ்சு வெளியே வழிகிறது. வழிந்த நஞ்சு சுற்றியுள்ள சதையைச் சுடுகிறது. அவன் மடிகிறான், அடுத்த காவலன் வருகிறான், அவனும் மடிகிறான். ஈட்டி மட்டும் அப்படியே கிடக்கிறது.

சுட்ட புண்ணை ஆற்ற உடல் வடுவைப் போடுகிறது. புண் ஆறினால் வடு நிற்கும். புண் ஆறவில்லையே! எனவே வடுவின் மேலே வடு. பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் காய்ந்த தோலாக விறைக்கிறது. இதற்குத்தான் கல்நார் நுரையீரல் நோய் என்று பெயர். முதலிலே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தால் வாங்கும். பிறகு படுத்திருந்தாலும் வாங்கும். சிலருக்கு விரல் நுனி உருண்டு பருக்கும். வடுவான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. தூசியை நிறுத்திய பிறகும் நோய் நின்றுவிடுவதில்லை. ஈட்டி உள்ளேதானே இருக்கிறது!

அதோடு முடிந்ததா? இல்லை. நுரையீரலிலே புற்றுநோய் வரலாம். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலே, மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் வரலாம். குறுவை விதைத்தால் நான்கு மாதத்திலே அறுக்கிறோம். தென்னை நட்டால் சில ஆண்டிலே காய் பறிக்கிறோம். இந்த இழையை விதைத்தால் அறுவடைக்கு 20 ஆண்டு, 30 ஆண்டு, சில வேளை 50 ஆண்டுகூட ஆகும். இளமையிலே மூச்சிழுத்தவன் முதுமையிலே மாய்கிறான். அதற்குள் மேஸ்திரி மாறியிருப்பார், முதலாளி மாறியிருப்பார், கம்பெனியின் பெயர்ப்பலகையே மாறியிருக்கும். யாரைக் கேட்பது? தலையெழுத்தைத்தான்! இந்தக் கால இடைவெளி இருக்கிறதே, அதுதான் முதலாளிக்கு வாய்த்த முதல்தரமான வழக்கறிஞர்.

பீடி பிடிக்கும் தோழர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவிலே கல்நார் வேலை செய்த தொழிலாளர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 1979 இலே ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கல்நாரும் இல்லை, புகையும் இல்லை என்றிருப்பவனுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஒரு பங்கு என்றால், கல்நார் மட்டும் தொட்டவனுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு. புகை மட்டும் பிடித்தவனுக்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு ஐந்தும் பத்தும் பதினைந்தா? அல்ல, ஐம்பதுக்கும் மேலே! கூட்டல் அல்ல, பெருக்கல்.

"கல்நார் என்ற பெயருக்கு ஏன் இத்தனை அச்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பெயரிலே இல்லை ஆபத்து. துருக்கி நாட்டிலே கராயின் என்றொரு சிற்றூர். ஆலை இல்லை, சுரங்கம் இல்லை. ஆனால் அந்த ஊரார் மீசோதீலியோமாவுக்குக் கூட்டங் கூட்டமாகப் பலியானார்கள். 1970களிலே மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, வீடு கட்டிய கல்லிலும் தெருப் புழுதியிலும் எரியோனைட் என்ற கனிம இழை இருக்கக் கண்டார்கள். அது கல்நார் அல்ல. ஆனால் கல்நாரைப் போலவே மெலிந்து நீண்ட இழை. கண்ணாடி நாரோ, உடலின் ஈரத்திலே விரைவாகக் கரைந்துபோவதால் அந்த அளவு கேடு செய்வதில்லை. ஆக, இழை எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்வி மூன்று: எவ்வளவு உள்ளே போயிற்று? என்ன வடிவிலே போயிற்று? எத்தனை காலம் கரையாமல் கிடக்கும்? அளவு, வடிவு, ஆயுள். மூன்றிலும் கல்நாருக்கு முதலிடம்.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த செய்தியா? அப்படியானால் மன்னித்துவிடலாம். ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள்.

1899 இலே லண்டன் மருத்துவமனை ஒன்றிலே, 33 வயதுக் கல்நார்த் தொழிலாளி ஒருவன் மூச்சுத் திணறி வந்தான். தன்னோடு அதே அறையிலே வேலை செய்த பத்துப் பேரிலே தான் ஒருவனே மிச்சம் என்றான். அவனும் இறந்தான். அறுத்துப் பார்த்த மருத்துவர் மாண்டேகு மர்ரே நுரையீரலிலே இழையைக் கண்டார்; 1906 இலே அரசாங்கக் குழுவின் முன் சாட்சியமும் கூறினார். 1924 இலே ரோச்டேல் நகரத்துப் பெண் தொழிலாளி ஒருத்தி 33 வயதிலே மாண்டாள். பன்னிரண்டாம் வயதிலே ஆலைக்குச் சென்றவள். அவள் நுரையீரலைப் பற்றி மருத்துவப் பத்திரிகையிலே எழுதினார்கள். 1930 இலே பிரிட்டிஷ் அரசின் ஆய்வாளர்கள் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நான்கிலே ஒருவருக்கு மேல் நுரையீரல் வடு! 1931 இலே தங்கள் நாட்டு ஆலைகளுக்குத் தூசிக் கட்டுப்பாட்டு விதி போட்டார்கள்.

அடுத்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். 1934 இலே மத்திய மாகாணத்துக் கைமூரிலே கல்நார்ச் சிமெண்டு ஆலை எழுந்தது, அதே வெள்ளையர் ஆட்சியிலே! அங்கே விதி 1931. இங்கே ஆலை 1934. அறியாமல் வந்த ஆலையல்ல, தோழர்களே; அறிந்த பிறகு வந்த ஆலை! பிறகு பம்பாயிலே, கல்கத்தாவிலே. நம் தமிழ்நாட்டிலே போத்தனூரிலே, அரக்கோணத்திலே.

1955 இலே ரிச்சர்ட் டால் நுரையீரல் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக் காட்டினார். 1960 இலே தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து மீசோதீலியோமாவைப் பற்றிய அறிக்கை வந்தது. நோயாளிகளிலே சிலர் சுரங்கத்துக்குள்ளே அடியெடுத்து வைத்தவர்களே அல்லர், அக்கம் பக்கத்திலே வாழ்ந்தவர்கள். 1965 இலே லண்டனிலே வேறொரு செய்தி: கணவனின் ஆலைச் சட்டையைத் துவைத்த மனைவிக்கும் அதே நோய்! சம்பளத்தைப் பையிலே கொண்டுவந்தான். சாவைச் சட்டையிலே கொண்டுவந்தான்.

உலகம் என்ன செய்தது? ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தடை. தென்னாப்பிரிக்கா 2008. கனடாவின் கதை வேடிக்கை. அங்கே ஓர் ஊருக்கே ஆஸ்பெஸ்டாஸ் என்று பெயர். தோண்டித் தோண்டி நமக்கெல்லாம் விற்றார்கள். 2018 இலே தங்கள் நாட்டிலே தடை செய்தார்கள். 2020 இலே அந்த ஊரின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கா 2024 மார்ச்சிலே வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை பிறப்பித்தது. வெள்ளை, நீலம், பழுப்பு என எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையத்தின் முடிவு. வேலையிடத்துக் கல்நாரால் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறப்பதாக அந்த நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்தியா என்ன செய்தது? 1986 இலே, புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகை தருவதை மத்திய அரசு நிறுத்தியது. ஏன்? கேடு என்பதால்! நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ரஷ்யாவிலே தோண்டிய கல்நார் கப்பலிலே வந்து இறங்கினால் கேடு போய்விடுமா? கடல் தண்ணீரிலே தோஷம் கழிந்துவிட்டதா? ஆண்டுதோறும் பல இலட்சம் டன் இறக்குமதி. உலகிலே அதிகம் வாங்குபவர் வரிசையிலே நம் நாடு முன்னணியிலே! தோண்டினால் குற்றம், வாங்கினால் வாணிபம்! தோண்டிய இடத்தின் கதியாவது நினைவிருக்கிறதா? ஜார்க்கண்டிலே சாயிபாசாவுக்கு அருகே ரோரோ மலை. 1983 இலே சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். பல இலட்சம் டன் கழிவை ஆதிவாசிகளின் தலைமாட்டிலே விட்டுவிட்டுப் போனார்கள்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று ஒரு நல்ல தீர்ப்பை வழங்கியது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கு. நீதிபதி கே. ராமசாமி எழுதிய தீர்ப்பு, தொழிலாளியின் உடல்நலம் அவன் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையிலே சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது விலகியபின் 15 ஆண்டு, இதிலே எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. நோய் தாமதமாக வரும் என்பதைப் புரிந்துகொண்ட தீர்ப்பு! முதலாளிக்கு வழக்கறிஞராக இருந்த காலத்தைத் தொழிலாளிக்குச் சாட்சியாக மாற்றிய தீர்ப்பு! ஆனால் தடையில்லை. தடை கோரி வந்த இன்னொரு மனு 2011 இலே தள்ளுபடியாயிற்று.

இப்போது நமது கொத்தனாரிடம் வருவோம். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலே இருக்கிறது? ஆலை வாயிலுக்குள்ளே இருப்பவனுக்குப் பதிவேடு உண்டு, பரிசோதனை உண்டு, காற்றை அளக்கும் கருவி உண்டு. குறைபாடு இருக்கலாம், கேட்பதற்குத் தொழிற்சங்கமாவது உண்டு. ஆனால் தகடு ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறதா? லாரியேறுகிறது, கடைக்கு வருகிறது, தெருவிலே அறுபடுகிறது, கூரையிலே துளைபடுகிறது, புயலிலே உடைகிறது, குப்பையிலே நொறுங்குகிறது. தகட்டின் பயணம் நீளம். சட்டத்தின் பயணம் குட்டை! 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மின்சாரம் கொண்டு இயங்கும் தொழிற்சாலை என்பதற்கான ஆள் எண்ணிக்கையை 10 இலிருந்து 20 ஆக உயர்த்திவிட்டது. கல்நார் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலிலே வைத்திருக்கிறார்கள், சரி. அறிவிப்பவர் யார்? தெருவிலே தகடு அறுக்கும் இரண்டு பேருக்கு, வண்டிப் பட்டறையிலே பழைய பிரேக் லைனிங் தூசியைக் காற்றடித்து ஊதும் பையனுக்கு, இடிப்பு வேலைக்குச் செல்லும் சித்தாள் பெண்ணுக்கு, எந்த அதிகாரி அறிவிப்புத் தருவார்?

"ஏழைக்கு மலிவான கூரையாயிற்றே! அதையும் பறிப்பதா?" என்று ஆலை அதிபர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். கண்ணீரின் விலை நமக்குத் தெரியும். ஆனால் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கீற்றுக் கூரையின் கொடுமையை நம்மைவிட அறிந்தவர் எவர்? 2004 சூலை 16 அன்று, நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்திலே, கும்பகோணத்துப் பள்ளியிலே கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகினார்களே! அதன் பிறகு பள்ளிகளிலே கீற்றை அகற்றச் சொன்னார்கள், அகற்ற வேண்டியதுதான். நெருப்பிலே எரியாத கூரை வேண்டும் என்று மக்கள் தேடினார்கள். நெருப்பிலே எரியாததுதான் கல்நாரின் பெருமை! 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியபோது குடிசை இழந்தவர்களும் தகட்டைத்தான் தேடினார்கள். நெருப்புக்குத் தப்பினோம், புயலுக்குத் தப்பினோம், தூசியிடம் மாட்டினோம் என்பதா ஏழையின் வரலாறு?

மாற்று இல்லையா? இருக்கிறது. அதே சிமெண்டு, அதே வளைந்த தகடு. கல்நாருக்குப் பதிலாக மரக்கூழ் நாரும் செயற்கை இழையும் சேர்த்து ஐரோப்பாவிலே பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். விலை கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தை யார் தருவது என்பதுதான் கேள்வி. இப்போது அந்தக் கொஞ்சத்தைக் கொத்தனார் தன் நுரையீரலிலிருந்து தந்துகொண்டிருக்கிறார். அந்தப் பணத்துக்கு ரசீது இல்லை. அதனால்தான் தகடு மலிவு!

குடிசை மாற்று வாரியத்தை 1970 இலே கண்ட இயக்கம் இது. 2024 இலே தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம், கான்கிரீட் கூரைதான் வேண்டும், ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது என்று விதி வகுத்தது. அந்த விதியிலே இருக்கும் அறிவு எல்லாக் கட்டடத்துக்கும் பரவ வேண்டும். பக்கத்துக் கேரளத்திலே 2009 இலேயே பள்ளிக் கூரைகளிலிருந்து கல்நாரை அகற்றும் கட்டளை பிறந்துவிட்டது. தமிழ்நாட்டை ஆள்பவர் எவராயினும், பள்ளி, சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, பேருந்து நிழற்குடை என அரசின் கையிலுள்ள கூரைகளைப் பட்டியலிட்டு, ஆண்டுக்கு இத்தனை என்று முறையாக மாற்ற முடியும். நம்மவர் ஆண்டாலும் கேட்போம். மற்றவர் ஆண்டாலும் கேட்போம்.

ஆனால் கப்பலை நிறுத்துவது? அது டில்லியின் கையிலே. வெளிநாட்டு வாணிபம் மத்திய அரசின் பட்டியலிலே இருக்கிறது. நோயாளியைக் கவனிக்கும் மருத்துவமனை மாநிலத்தின் தலையிலே. நோயைக் கொண்டுவரும் கப்பல் மத்தியின் தயவிலே! ராட்டர்டாம் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலிலே ஒரு பொருளைச் சேர்த்தால் அது தடையாகிவிடாது. விற்பவன் வாங்குபவனுக்கு ஆபத்தை முன்கூட்டித் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும், அவ்வளவே. வெள்ளைக் கல்நாரை அதிலே சேர்க்க 2006 முதல் முயல்கிறார்கள். எல்லோரும் இசைந்தால்தான் முடிவு என்பதால் விற்கும் நாடுகள் தடுத்துவிடுகின்றன. 2011 இலே இந்தியா ஆதரித்தது. 2013 இலும் அதற்குப் பின்னும் எதிர்ப்பவர் வரிசையிலே போய் அமர்ந்தது. விற்பவன் எதிர்ப்பது விளங்குகிறது. வாங்குபவன், "எனக்கு ஆபத்தைத் தெரிவிக்காதே" என்று கைதூக்குவது எந்த அறிவு?

கடலுக்கு அப்பாலே நம் உறவினரின் கதையையும் கேளுங்கள். இலங்கை அரசு கல்நார் இறக்குமதியை 2018 தொடக்கத்திலிருந்து கட்டுப்படுத்த முடிவு செய்தது. 2017 டிசம்பரிலே ரஷ்யா, தேயிலைச் சரக்கிலே ஒரு வண்டு கண்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்திவிட்டது. கொழும்பு அலறிற்று. கல்நார்க் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. தேயிலைக்குக் கதவு திறந்தது. வண்டுக்கும் கல்நாருக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள்! அந்தத் தேயிலையைக் கிள்ளுபவர் யார்? மலையகத்துத் தமிழ்ப் பெண். அவள் பறித்த கொழுந்தைப் பணயமாக வைத்து, அவள் நாட்டின் கூரைமேலே கல்நாரை ஏற்றினார்கள். உழைப்பும் அவளுடையது, ஊறும் அவளுக்கே!

தோழர்களே! இதைப் படித்துவிட்டு எவரும் இன்றிரவே ஏணி வைத்துக் கூரையைப் பிடுங்க வேண்டாம். அதுதான் பெரிய ஆபத்து. உடையாமல், அசையாமல் இருக்கும் தகட்டிலே நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், வெயில் மழையிலே மேற்பரப்பு அரிக்கும்போதுமே பறக்கிறது. எனவே இவற்றை ஊரிலே சொல்லுங்கள். மிஷின் வைத்து அறுக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் கழற்றினால் நன்றாக நனைத்து, ஆணியை எடுத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும். மேலேயிருந்து வீசக் கூடாது. விழுந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையிலே கட்ட வேண்டும். பாசி பிடித்தது என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. உடைந்த துண்டைப் பாதைப் பள்ளத்திலே கொட்டக் கூடாது. முகத்திலே கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது. அதற்கென்று உள்ள நுண்துகள் முகக்கவசம் வேண்டும். வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். தனியாக நனைத்துத் துவையுங்கள். மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இத்தனை ஆண்டு இந்த வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் நோயின் பெயரையே மாற்றிவிடும். வேலைச் சான்று எதுவாயினும், கிழிந்த சீட்டாயினும், பத்திரமாக வையுங்கள். பீடியை இன்றே விடுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலே பதிவு பெற்ற ஒவ்வொருவருக்கும் மார்புப் பரிசோதனையும் வேலை வரலாற்றுப் பதிவும் வேண்டும் என்று கேளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு உச்ச நீதிமன்றம் தந்த 40 ஆண்டுப் பதிவேடு தெருத் தொழிலாளிக்கும் வேண்டும் என்று கேளுங்கள். இத்தாலியிலே காசாலே மான்ஃபெராட்டோ என்ற நகரம், கல்நார் ஆலையால் பெருந்திரளாக மக்களை இழந்தது. கீழ்நீதிமன்றங்கள் உரிமையாளருக்குத் தண்டனை விதித்தன. 2014 இலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்று தண்டனையை நீக்கியது. காலம் கடந்து கொல்லும் நோய்க்குக் காலம் கடந்த வழக்கு கூடாதாம்! அந்த நிலை இங்கே வராமலிருக்க வேண்டுமானால், கணக்கை இன்றே எழுத வேண்டும்.

நமது படிப்பகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மிஷினை நிறுத்தினோம். அறுபடாத தகடுகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். அறுபட்டவற்றை நனைத்துப் பையிலே கட்டினோம். தோழர்கள் மேலும் கொஞ்சம் காசு போட்டார்கள், ஓடு வேய்கிறோம். வேய்பவர் அதே கொத்தனார்தான். கூலி குறையவில்லை. நேற்று அவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றோம்; படம் எடுத்தார்கள்; முடிவு வரவேண்டும். வரிசையிலே நின்றபோது மருத்துவர் கேட்டார், "என்ன வேலை செய்கிறீர்கள்?"

"முப்பது வருஷமா ஷீட்டு அறுக்கிறேனுங்க" என்றார் அவர்.

தலையெழுத்து என்று சொல்லவில்லை. மருத்துவர் அதைத் தாளிலே எழுதிக்கொண்டார். முப்பது ஆண்டிலே அவருக்காக எழுதப்பட்ட முதல் பதிவு அது. இனி ஒவ்வொரு ஊரிலும் அப்படி எழுதச் செய்வோம்!